இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா? நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மகனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம், ஏழெட்டு வார்த்தைதான் சொல்கிறான், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசலாமா, மூன்று வயதுவரை பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம்.

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஊரில் சொல்வார்கள். சில குழந்தைகள் தானாகவே பேசிவிடுவது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பேச்சு போன்ற வளர்ச்சியில் பின்தங்கும், மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்கு உதவ 'எர்லி இன்டர்வென்ஷன்' என்ற அரசுத் திட்டம் எல்லா மாநிலத்திலும் உண்டு. டாக்டர் சீட்டு தேவையில்லை, நீங்களே போன் செய்யலாம். என்ன விசா என்பது தகுதிக்குக் கணக்கில்லை. போன் செய்ததிலிருந்து 45 நாளுக்குள் குழந்தையைப் பரிசோதித்து, தகுதி இருந்தால் உங்களோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். பரிசோதனை இலவசம். நியூ ஜெர்சியில் தெரபிக்கு, அதாவது பேச்சுப் பயிற்சிக்கு, வருமானத்தைப் பார்த்து ஒரு பங்கு கட்டச் சொல்லலாம், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது.

வீட்டில் தமிழே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில்தான் பிள்ளையோடு நிறையப் பேச முடியும். பரிசோதனைக்கு வருபவரிடம் அவன் சொல்லும் தமிழ் வார்த்தைகளையும் எழுதிக் கொடுங்கள். தண்ணீரை எப்போதும் "தண்ணி" என்பதற்குப் பதில் "நன்னி" என்றாலும் அது ஒரு வார்த்தைதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் சின்னவளுக்குத் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். அவளைவிட எங்களுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். நமக்கு அதுதான் கஷ்டம், பிள்ளை கை நீட்டுவதற்குள் கொடுத்துவிடுவோம். "பால்" என்றால் "சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தக் கூடாது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இதையே செய்தோம். வாரம் ஒருமுறை வருகிற தெரபியைவிட இதுதான் அவளுக்குப் பலன் தந்தது என்று நம்புகிறேன்.

மூன்று வயதானால் பொறுப்பு உள்ளூர் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் போகும். அதற்கான கூட்டமே பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு நடக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது பத்து மாதம்தான், இந்த வாரமே போன் செய்துவிடுங்கள்.