இறங்கிய முதல் நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல வருடக் கனவு நிறைவேறி பாரிஸில் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வரை கிடங்குகள், கிறுக்கல் நிறைந்த சுவர்கள், போக்குவரத்து நெரிசல். ‘இதற்கா இவ்வளவு செலவு பண்ணினோம்’ என்று நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: இந்த ஏமாற்றத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது, அதுவும் நீங்கள் இறங்கிய ஊரின் பெயரில். 1980களில் பாரிஸில் பணியாற்றிய ஹிரோவாக்கி ஓட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர், கனவு நகரத்துக்கு வந்து நிஜத்தைப் பார்த்ததும் நிலைகுலைந்துபோன தன் நாட்டவர் சிலரைக் கவனித்துச் சொன்னதுதான் ‘பாரிஸ் சிண்ட்ரோம்’. ஆஸ்பத்திரி வரை போனவர்கள் மிகச் சிலரே, பயப்படாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் தப்பு பாரிஸ் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. விமான நிலையச் சாலை என்பது எந்த ஊருக்குமே கொல்லைப்புறம்தான். ஓடுபாதைக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், சத்தத்துக்கு ஆட்சேபம் சொல்ல ஆளில்லாமலும் இருக்க வேண்டும், அதனால் ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையம் சுமார் 25 கிலோமீட்டர், டோக்கியோவின் நரீட்டா சுமார் 60. நடுவில் நிலம் மலிவு என்பதால் கிடங்கும் பட்டறையும் வந்துவிடும். ஹாங்காங்கில் பழைய காய் டாக் விமான நிலையம் இருந்த காலத்தில், அதாவது 1998 வரை, விமானம் அடுக்குமாடிகளின் தலைக்கு மேலேயே திரும்பி இறங்கும், காயப்போட்ட துணிகூட ஜன்னலில் தெரியும் என்பார்கள். வந்தவர்களுக்கு அற்புதமான முதல் காட்சி. கீழே குடியிருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்! ஆகவே டாக்ஸி ஜன்னலில் பார்த்ததைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் காலை கடைகள் திறக்கும் நேரத்தில் செய்ன் நதிக் கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, அப்புறம் ஊரைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: முதலில் மனதில் பதிவதுதான் நிலைக்கும் என்கிறார்களே, ஊருக்கும் அது பொருந்துமா?

பதில்: ஓரளவுக்கு. 1946ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு மனிதரைப் பற்றி ஆறே சொற்கள். ஒரு குழுவுக்கு ‘புத்திசாலி’யில் தொடங்கி ‘பொறாமைக்காரர்’ என்று முடித்தார், இன்னொரு குழுவுக்கு அதையே தலைகீழாகச் சொன்னார். முதல் குழுவுக்கு அந்த மனிதரை ஓரளவு பிடித்துப்போனது, இரண்டாவது குழுவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஊருக்கும் இப்படி நடக்கலாம் என்பது என் எண்ணம். எரிந்து விழும் குடியுரிமை அதிகாரியில் தொடங்கினால் அதற்கப்புறம் பார்ப்பதெல்லாம் எரிச்சலாகவே தெரியும். என்ன, சோதனையில் சொன்ன சொல் மாறாது, ஊர் மாறும். தெருமுனையில் ஒருவர் சிரித்து வழி காட்டினால் போதும்.

கேள்வி: விமான நிலையக் கதவு திறந்ததும் ஒரு வாசனை முகத்தில் அடித்தது. மறுநாள் தேடினால் காணோம். எங்கே போனது?

பதில்: அது அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் மூக்குதான் சேதி சொல்வதை நிறுத்திவிட்டது. தொடர்ந்து வரும் வாசனைக்கு மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிவிடும். ஈரக் காற்றா, டீசலா, கடல் உப்பா என்று அப்போதே போனில் இரண்டு வரி எழுதி வையுங்கள், போட்டோவில் அது வராது.

கேள்வி: இறங்கிய அன்று மதியமே லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார் என் தம்பி. சரியா?

பதில்: பாவம் நீங்கள். அங்கே இருக்கும் மோனாலிசா ஓவியத்தின் அளவு 77க்கு 53 சென்டிமீட்டர், கூட்டத்துக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தோடு நின்று பார்த்தால் என்ன தெரியும்? உடலின் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் ஒரு நாளின் நீளத்தைக் கூட்டுவது, அதாவது மேற்கே பறப்பது, அதற்குச் சுலபம், கிழக்கே போனால்தான் திணறும். உடல் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று உத்தேசமாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலாற நடப்பதோடு போதும். தம்பி கேட்காவிட்டால் அவரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: வண்டிகள் எதிர்ப் பக்கமாக வரும் ஊரில் சாலையைக் கடக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நல்லது, அது போன பிறகுதான் ஆபத்து. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது விபத்துகள் முதலில் குறையவே செய்தன, எல்லோரும் அவ்வளவு பயந்து பயந்து ஓட்டினார்கள். பழகியதும் பழைய நிலைமைதான். லண்டனில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பல இடங்களில் தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதாத ஊரில் இரண்டு பக்கமும் பாருங்கள், ஒருவழிச் சாலையிலும்தான், சைக்கிள்காரர்களை நம்ப முடியாது.

கேள்வி: கடையில் கார்டைக் கொடுத்தால், நம் நாட்டுப் பணத்தில் எடுக்கவா, உள்ளூர்ப் பணத்தில் எடுக்கவா என்று மெஷின் கேட்கிறது.

பதில்: உள்ளூர்ப் பணம். நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைத் தரப்பில் வைப்பார்கள், பெரும்பாலும் அது உங்கள் வங்கி தருவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.