அம்மாவுக்கு எந்த இல்லம்? முதலில் கழிப்பறையைப் பாருங்கள்

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். கோண்டாவிலில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 79 வயது. முழங்கால் வலி, கொஞ்சம் மறதியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டு முதியோர் இல்லங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று மாபிள் பதித்து ஏசி போட்ட புது மாடிக் கட்டடம். மற்றது நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு, படிகள் அதிகம். எது பொருந்தும்?

பதில்: வீடியோவில் பார்த்தால் புதுக் கட்டடம்தான் மனதைப் பிடிக்கும். ஆனால் அம்மா யாரையும் கூப்பிடாமல் எங்கே தன்பாட்டில் நடமாடலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஊரில் இருக்கும் யாரையாவது அனுப்பி, அறைக் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கழிப்பறைக் கதவு தெரிகிறதா? மறதி உள்ளவர்களுக்குக் கண்ணில் பட்டால்தான் நினைவு வரும். தெரியாவிட்டால் இரவில் தடுமாறுவார். நாலு நாள் படுக்கை நனைந்ததும் பம்பர்ஸ் கட்டிவிடுவார்கள். நடக்கக்கூடியவர் அதற்குப் பழகினால் மீட்பது கஷ்டம்.

உள்ளே கொமட் பக்கத்தில் கைபிடிக் கம்பி வேண்டும். முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பார்க்கட்டும். துவாய்க் கம்பி அதற்கு ஆகாது. நிறத்தையும் கவனியுங்கள். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் 20 வயதில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கொமட் என்றால் உட்காரும் இடமே பிடிபடாது. கடும் நிறத்தில் உட்காரும் வளையம் ஒன்று போட்டால் போதும். மினுங்கும் மாபிளோ தண்ணீர் சிந்தியதுபோலத் தெரியும், கறுப்புக் கால்மிதி குழியாகத் தெரியும்.

புதுக் கட்டடத்தில் நீண்ட நடைபாதையும் ஒரேமாதிரிக் கதவுகளும் இருந்தால் அம்மா அடுத்தவர் அறைக்குள் போய் நிற்பார். நாற்சார் வீட்டில் அந்தச் சிக்கல் குறைவு. முற்றத்தைச் சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். குசினியில் யார் நிற்கிறார்கள், படலையால் யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். நெதர்லாந்தில் 2009 இல் திறந்த ஹோக்வெய்க் மறதிநோய்க் கிராமத்தில் ஆறேழு பேருக்கு ஒரு வீடு என்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இருந்த வீட்டை இடித்து ஆஸ்பத்திரி மாதிரிக் கட்டுகிறார்கள், என்ன செய்வது!

பழைய வீட்டின் குறை படிதான். 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஏற்றப் போடும் சீமெந்துச் சரிவைக் காட்டி ஏமாற்றினால் விடாதீர்கள். சாய்தளமும் கைபிடியும் போடச் சம்மதித்தால் பழைய வீட்டையே எடுங்கள். அவை சில நாள் வேலை, புதுக் கட்டடத்தின் நீண்ட நடைபாதையைச் சுருக்க முடியாது. புதுக் கட்டடம்தான் என்றால் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள்.

அம்மாவின் கதிரையையும் சாமிப் படங்களையும் கொண்டுவர விடுவார்களா என்று கேளுங்கள். ‘இங்கே எல்லாருக்கும் ஒரேமாதிரித்தான்’ என்றால் எந்தக் கட்டடமானாலும் யோசியுங்கள். முதலில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்; அதுவரை கோண்டாவில் வீட்டை வாடகைக்கு விட வேண்டாம்.