கீச்சானா, வல்லூறா?

கேள்வி: மகன் நைரோபியில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது சம்புரு சரணாலயத்துக்குக் கூட்டிப் போனான். ஒரு முள்மரத்தின் உச்சியில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னப் பறவை ஒன்று. ஜீப் ஓட்டியவர் வல்லூறு என்றார். மகனோ, 'சும்மா சொல்கிறார், அது கீச்சான் குருவி' என்கிறான். பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, முதுகு மட்டும் செம்பழுப்பு. யார் சொல்வது சரி? (வாசகி, திருச்சி)

பதில்: நான் ஜீப் ஓட்டியவர் கட்சி. அந்த இரண்டாவது பறவையின் முதுகைக் கவனித்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தது பிக்மி ஃபால்கன் என்ற குட்டி வல்லூறு ஜோடி. ஆணுக்கு முதுகு முழுக்கச் சாம்பல், பெண்ணுக்குச் செம்பழுப்பு.

மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீளம் 20 சென்டிமீட்டர், எடை 60 கிராமுக்கு முன்னே பின்னே. நம் ஊர்ச் சின்னான் அளவுதான். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே இதைவிடச் சிறிய வேட்டைப் பறவை கிடையாது. போதாக்குறைக்குக் கீச்சானைப் போலவே உச்சிக் கிளையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பறந்தாலும் ஏறி இறங்கி அலை அலையாகத்தான் போகும். சம்புருவில் டைட்டா கீச்சான் என்று ஒன்று உண்டு, அதற்கும் முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. ஆனால் அதன் தலை, கண்ணையும் சேர்த்துக் கறுப்பு. வல்லூறின் முகம் வெள்ளை. கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. படம் எடுத்திருந்தால் முதலில் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு என்றால் வல்லூறு, கறுப்பு என்றால் கீச்சான். கறுத்த வாலிலும் இறக்கையிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் வழக்கு முடிந்தது.

படம் இல்லையா? மகனிடம் அது என்ன செய்தது என்று கேளுங்கள். இந்த வல்லூறு உட்கார்ந்த இடத்திலேயே தலையை மேலும் கீழும் அசைக்கும், வாலையும் ஆட்டும். அப்புறம் சட்டென்று தரையில் இறங்கிப் பல்லியையோ அரணையையோ வெட்டுக்கிளியையோ கவ்வும். வானத்திலிருந்து பாய்ந்து புறாவை அடிக்கிற சாகசமெல்லாம் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அதனாலேயே இதைப் பிடிக்கும்.

அடுத்த முறை போனால் பறவையைத் தேட வேண்டாம், கூட்டைத் தேடுங்கள். தூக்கணாங்குருவியின் உறவுக்காரர்களில் பஃபலோ வீவர் என்று ஒரு வகை. வெள்ளைத் தலை, பின்பக்கம் ஆரஞ்சுச் சிவப்பு. அது முள்குச்சிகளால் கட்டிய கூட்டில்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த வல்லூறு முட்டையிடும். சொந்தமாக ஒரு குச்சிகூட எடுத்து வைக்காது.

கேள்வி: தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வைக்கோல் போர் மாதிரி ஒரு பெரிய கூட்டைப் படம் எடுத்தேன். அடியில் நிறைய ஓட்டைகள், இரண்டு ஓட்டைகளின் விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. என்ன அது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எச்சம். அந்த ஓட்டைகளில் இதே வல்லூறு குடியிருக்கிறது. வேறு அடையாளம் தேவையே இல்லை, கூட்டின் சொந்தக்காரர்கள் வாசலை இப்படி அசிங்கப்படுத்துவதில்லை.

கூட்டைக் கட்டியவை சோஷியபிள் வீவர் குருவிகள். ஒரே கூட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே போவதால் சில நேரம் பாரம் தாங்காமல் கிளை முறிந்துவிடும். தெற்கு ஆப்பிரிக்காவில் வல்லூறு இந்த அறைகளை நம்பித்தான் இருக்கிறது. குஞ்சு பொரிக்க மட்டுமல்ல, வருடம் முழுக்க ராத்திரித் தூக்கமும் அங்கேதான். கலஹாரியில் குளிர்கால இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கும். 60 கிராம் உடம்புக்கு அதைத் திறந்த கிளையில் தாங்குவது கஷ்டம். அறைக்குள் ஜோடியாக ஒடுங்கிக்கொள்ளும்.

'வல்லூறும் குருவியும் நண்பர்கள், பாம்பு வந்தால் வல்லூறு காவல் காக்கும்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே வல்லூறு சில நேரம் வீட்டுக்காரக் குருவியின் குஞ்சைத் தின்கிறது, பெரிய குருவியையும் பிடிக்கிறது. பெரும்பாலான நாள் பல்லியோடு திருப்தி அடைவதால் குடித்தனம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஊர் மின்கம்பியில் சாம்பல், வெள்ளை, சிவப்புக் கண்ணோடு ஒரு சின்ன வேட்டைப் பறவை. வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. இதுவும் அதுதானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை. அது கருந்தோள் பருந்து. அந்தரத்தில் நிற்பது எலி பார்க்க. ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் ஏராளமாக உண்டு, ஆனால் பிக்மி ஃபால்கனைவிட ஒன்றரை மடங்கு நீளம்.

கேள்வி: உலகிலேயே சின்ன வல்லூறு இதுதானா? (மாணவி, மதுரை)

பதில்: ஆப்பிரிக்காவில் மட்டும். போர்னியோ பக்கம் போனால் ஃபால்கனெட் என்ற குட்டிகள் இருக்கின்றன, 15 சென்டிமீட்டர்தான். அந்த வகையில் ஒன்று நம் இமயமலை அடிவாரக் காடுகளிலும் உண்டு.