திராஸ்கவ் என்ற ஊரின் இன்றைய பெயர் ரிமேத்யா

பழைய ருமேனிய வரைபடத்தில் கண்ட திராஸ்கவ் கிராமம் இன்று எங்கே, தேடினால் அதே பெயருள்ள மலைகள் மட்டுமே வருகின்றனவே என்று கேட்டிருந்தீர்கள். அக்கிராமம் மறைந்துவிடவில்லை. ஆல்பா மாவட்டத்தில் ரிமேத்யா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஊரின் பெயர் மாறியபோதும் மலைத்தொடரின் பெயர் மாறவில்லை என்பதால்தான், உங்கள் தேடலில் திராஸ்கவ் மலைகள் மட்டும் வருகின்றன என்று கருதுகிறேன்.

உறுதிசெய்ய, ஊருக்குக் கிழக்கே செங்குத்தாக நிற்கும் பியாத்ரா செகுயுலுய் என்ற சுண்ணாம்புப் பாறைமலையைத் தேடுங்கள். அதன் உயரம் 1,128 மீட்டர். அந்த அடிவாரத்தில் வெள்ளைச் சுவர் வீடுகள் வரிசையாகத் தெரிந்தால் அதுவே நீங்கள் தேடும் ஊர். இரும்புச் சுரங்கத்தாலும் கொல்லுத் தொழிலாலும் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்த ஊர் அது. அந்த வீடுகள் அழியாமல் காக்கப்பட்டிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

குடும்பப் பதிவுகளைத் தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் உலகப் போருக்குப் பின் அங்கேரியின் எல்லைகளை வகுத்த 1920-ஆம் ஆண்டின் திரியானோன் உடன்படிக்கை வரை சட்டப்படி இப்பகுதி அங்கேரி அரசைச் சேர்ந்திருந்ததால், அக்காலப் பதிவுகளில் தொரொட்ஸ்கோ என்ற அங்கேரியப் பெயரையும், ஆல்பாவுக்குப் பதிலாகத் தோர்தா-அரன்யோஷ் மாவட்டத்தையும் பாருங்கள். ஊர் மக்களில் பெரும்பாலோர் அங்கேரிய மொழி பேசும் யூனிட்டேரியன் கிறித்தவர்கள் (மும்மைக் கோட்பாட்டை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று நம்பும் சபையினர்). எனவே அச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலிருந்து தொடங்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை: ஆல்பா மாவட்டத்திலேயே உள்ள, பெயர் ஒத்த ரமெட்ஸ் வேறு ஊர். ரிமேத்யாவுக்குத் தெற்கே கோட்டை இடிபாடுகளுடன் உள்ள கொல்ட்ஸெஷ்ட் கிராமத்தின் அங்கேரியப் பெயரும் தொரொட்ஸ்கோ என்றே தொடங்கும். ஆகவே பெயரை இறுதிவரை படித்த பின்பே குறித்துக்கொள்ளுங்கள்.