வாசகர் கேள்வி – பதில்: பழைய அணு உலையைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன், வரும் ஜூன் மாதம் எங்களை அங்கே அழைத்திருக்கிறான். பாலைவனத்தின் நடுவே மூடப்பட்ட ஓர் அணு உலை காட்சிக்கூடமாகத் திறந்திருப்பதாகவும், அங்கே கூட்டிச் செல்வதாகவும் சொல்கிறான். கதிர்வீச்சை நினைத்து என் கணவர் தயங்குகிறார். போகலாமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, மணவாளக்குறிச்சி.

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மகன் சொல்வது ஆர்கோ என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள இ.பி.ஆர்.–1 என்ற ஈனுலை, அதாவது எரிபொருளை எரித்தபடியே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை. 1964-இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட அந்த உலையிலிருந்து எரிபொருளையும் குளிர்விக்கப் பயன்பட்ட திரவ உலோகத்தையும் அகற்றிச் சுத்தம் செய்த பிறகே மக்களை உள்ளே அனுமதித்தார்கள். உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் கலந்த மணல் இருப்பதால், மற்ற ஊர்களைவிடக் கூடுதலான இயற்கைக் கதிர்வீச்சு உள்ள கடற்கரையில்தான் நீங்கள் இத்தனை காலமும் குடியிருக்கிறீர்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்தே அந்தக் கனிமத்தைக் கண்டறிந்தார். அந்நாளில் அதிலுள்ள தோரியம் எரிவாயு விளக்கில் ஒளிரும் வலையான மேண்டில் செய்வதற்குத் தேவைப்பட்டது.

1951 டிசம்பர் 20 அன்று, இயற்பியலாளர் வால்டர் சின் தலைமையிலான குழு அந்த உலையின் வெப்பத்தைக் கொண்டு மின்னாக்கியைச் சுழற்றி, 200 வாட் விளக்குகள் நான்கை எரியவிட்டது. அணுவிலிருந்து பயன்படத்தக்க அளவில் மின்சாரம் எடுத்தது அதுவே முதல் முறை. (அதற்கு முன் 1948-இல் அமெரிக்காவிலேயே ஓக் ரிட்ஜ் என்ற இடத்திலிருந்த உலையில் ஒரு சிறு விளக்கை எரியவைத்துப் பார்த்திருந்தார்கள், கணக்கில் கறாராக இருப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) மறுநாள் அந்தக் கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்தையே அந்த உலை தந்தது. அன்று உடனிருந்தவர்கள் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய பெயர்களை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டறைக்கு விரையாமல் முதலில் அந்தச் சுவரின் முன் நின்று பாருங்கள் என்பேன்.

உண்மையில் மின்சாரம் அந்த உலையின் முதன்மை நோக்கமன்று. எரிக்கும் எரிபொருளுக்குக் குறையாமல் புது எரிபொருளையும் ஓர் உலை ஈன முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று 1953-இல் உறுதியாயிற்று. தோரியம் தானாக எரிபொருளாகாது. உலையில் நியூட்ரானை ஏற்று யுரேனியம்–233 ஆக மாறினால்தான் பயன்படும்; அதுவும் எரிபொருளை ஈனும் வேலைதான். ஆகவே மணவாளக்குறிச்சி மணலுக்கும் அந்த உலைக்கும் உள்ள உறவு அத்தனை தூரத்து உறவன்று. 1955 நவம்பரில் நடந்த ஒரு சோதனையில் எரிபொருள் இருக்கும் உலையின் கருப்பகுதி ஓரளவு உருகியதையும் வழிகாட்டிகளிடம் கேளுங்கள். அந்த விபத்தில் யாருக்கும் காயமில்லை.

கட்டணம் கிடையாது. வழக்கமாக மே மாதக் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். அந்த ஆண்டின் நாள்களை மகனை முன்கூட்டியே பார்த்துவைக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இடவப்பாதி மழை பெய்யும் அந்த ஜூன் மாதத்தில் அங்கே வறண்ட வெயிலாக இருக்கும். வழியில் கடைகள் அரிது என்பதால் தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.