ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை தவிர என்னென்ன செலவு வரும்?

முதலில் அந்த வாடகையையே சரியாகப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் 'கால்ட்மீட்ட', அதாவது வெறும் வீட்டு வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைக் கட்டணம் சேர்ந்தால்தான் 'வார்ம்மீட்ட'. மின்சாரம் பெரும்பாலும் அதற்கும் தனி.

முன்பணமாக மூன்று மாத கால்ட்மீட்ட வரை கேட்கலாம். ஆனால் அதை மூன்று தவணையாகக் கட்டச் சட்டமே உரிமை தருகிறது, தயங்காமல் கேளுங்கள். பல வீடுகளில் சமையலறை மேடை, அடுப்புகூட இருக்காது. அதற்கும் காசு ஒதுக்க வேண்டும்.

அப்புறம், டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு.

ஊரும் முக்கியம். மியூனிக்கில் வாடகை மிக அதிகம். அதே சம்பளம் லைப்சிக்கில் கிடைத்தால் நான் லைப்சிக்கைத்தான் எடுப்பேன்.