மாடுலேஷன் (தகவலை அலையில் ஏற்றி அனுப்பும் முறை) சந்தேகங்கள்: கேள்வி பதில்

இ.சி.இ. மாணவி: சார், பி.பி.எஸ்.கே.யில் சிம்பலுக்கு (ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டு) 1 பிட், க்யூ.பி.எஸ்.கே.யில் 2 பிட். ஆனாலும் இரண்டுக்கும் பிட் பிழை விகிதம் ஒன்றுதான் என்கிறது புத்தகம். எப்படி?

பி.எஸ்.கே. என்றால் அலையின் ஃபேஸை, அதாவது கோணத்தை, மாற்றித் தகவல் அனுப்புவது; பி.பி.எஸ்.கே.யில் இரண்டு கோணம், க்யூ.பி.எஸ்.கே.யில் நான்கு. 90 டிகிரி தள்ளி நிற்கும் இரண்டு பி.பி.எஸ்.கே.தான் க்யூ.பி.எஸ்.கே. அந்த இரண்டு அலைகளான சைனும் கொசைனும் ஒன்றோடொன்று மோதாது, ரிசீவர் தனித்தனியே பிரித்துப் படித்துவிடும். ஆனால் "ஒரு பிட்டுக்கான ஆற்றல் சமமாக இருந்தால்" என்றும் புத்தகத்தில் இருக்குமே, அதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அதே சிம்பல் வேகத்தில் இரட்டிப்பு பிட் அனுப்ப, பவரும் இரட்டிப்பாக வேண்டும், அதாவது 3 டெசிபெல். பழைய பிட் வேகமே போதும் என்றால் பவர் ஏறாது, பேண்ட்வித் பாதியாகும். லாபம் அங்கேதான்.

கேபிள் டிவி நடத்துபவர்: எங்கள் லைனில் 64-குவாம் (அலையின் கோணம், உயரம் இரண்டையும் மாற்றி 64 வகை சிம்பல் அனுப்பும் முறை) ஓடுகிறது. டி.டி.எச்.சில் மட்டும் ஏன் இன்னும் க்யூ.பி.எஸ்.கே., 8-பி.எஸ்.கே.?

சாட்டிலைட் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், சிக்னல் மெலிந்துதான் வந்து சேரும். இது பாதிக் காரணம். மீதி, மேலே இருக்கும் ஆம்ப்ளிஃபயர். சோலார் பேனல் தரும் மின்சாரத்தை வீணாக்க முடியாது என்பதால் அதைச் சாச்சுரேஷனை (அதற்கு மேல் பவர் ஏறாத எல்லை) ஒட்டியே ஓட்டுகிறார்கள். அந்த நிலையில் ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) நசுங்கும். ஒவ்வொரு சிம்பலையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பாருங்கள்: மையத்திலிருந்து தூரம் ஆம்ப்ளிட்யூட், திசை ஃபேஸ். குவாம் ஆம்ப்ளிட்யூடிலும் தகவலை வைப்பதால் வெளிவட்டப் புள்ளிகள் உள்ளே இழுபட்டுக் குழம்பிவிடும். பி.எஸ்.கே.யில் எல்லாப் புள்ளியும் ஒரே வட்டத்தில் இருப்பதால் அடி குறைவு. உங்களுக்கென்ன, வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து சிக்னலைத் தூக்கிக்கொள்ளலாம். கனெக்டரில் தண்ணீர் இறங்காதவரை மழையும் பிரச்சினை இல்லை!

இன்னொருவர்: வைஃபை 7-இல் 4096-குவாம் என்கிறார்கள். வேகம் நான்கு மடங்கா?

இல்லை. வைஃபை 6-இன் 1024-குவாமில் சிம்பலுக்கு 10 பிட், இதில் 12. கூடுவது 20 சதவீதம்தான். அதற்கு ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதல் சிக்னல் தரம் வேண்டும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் கிடைக்கலாம், சுவர் குறுக்கே வந்தால் தானாகக் கீழ்நிலைக்கு இறங்கிவிடும். இதற்காக மட்டும் ரவுட்டர் மாற்றாதீர்கள்.

மொபைல் சர்வீஸ் கடைக்காரர்: பழைய ஜி.எஸ்.எம்.மில் (2ஜி) ஜி.எம்.எஸ்.கே. மாடுலேஷன் எதற்கு, அண்ணா?

பேட்டரிக்காக. அதில் ஆம்ப்ளிட்யூட் மாறவே மாறாது, அதனால் போனின் பவர் ஆம்ப்ளிஃபயரைச் சாச்சுரேஷனிலேயே ஓட்டலாம், சூடாக வீணாவது குறையும். அப்புறம் எட்ஜ் (ஜி.எஸ்.எம்.மில் டேட்டா வேகத்தைக் கூட்ட வந்த முறை) 8-பி.எஸ்.கே.யைக் கொண்டுவந்தது. சிம்பலுக்கு 3 பிட் கிடைத்தது, ஆனால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஆம்ப்ளிட்யூட் ஏறி இறங்கும். அதனால் போன் அந்த மோடில் பவரைக் குறைத்துத்தான் அனுப்பும்.